உலகம் சுருங்கிவிட்டதாமே!

எங்கள் தெருவுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் வந்து இறங்கினால், ஜனங்கள் கேட்கும் முதல் கேள்வி "யாரு போயிட்டாங்க?" இரண்டாவது கேள்வி, "பையன் எங்கே இருக்கான்?" பெங்களூர் என்றால் சாயந்திரமே எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூர், துபாய் என்றால் மறுநாள். அமெரிக்கா என்றால் பெட்டி கொண்டுவரும் பையனே, "கரன்ட் போனா ஜெனரேட்டர் வெச்சுக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். தூரத்தை அளக்க அவனிடம் இருக்கும் கருவி அந்தக் கண்ணாடிப் பெட்டிதான். விமானக் கம்பெனிகளின் கணக்கைவிட அவன் கணக்கு நேர்மையானது.

நான் குடியிருப்பது பல்லாவரத்தில். மொட்டை மாடியில் நின்றால் விமானத்தின் வயிறு தெரியும். பேசிக்கொண்டே இருப்போம், விமானம் வந்தால் நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். அப்படிப்பட்ட தெருவில் ஓர் ஆகஸ்ட் மாதம், செவ்வாய்க்கிழமை விடியற்காலை 5.40 மணிக்கு எதிர் வீட்டு ஹெச்.எம். சார் இறந்துபோனார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வயது 82. மகள் குரோம்பேட்டையில் இருக்கிறார். மகன் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில்.

மகள் 15 நிமிடத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். மகன் வந்து இறங்கியது வியாழக்கிழமை காலை 6.30 மணிக்கு. 48 மணி 50 நிமிடம். இத்தனைக்கும் விமான நிலையத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை.

அந்த இரண்டு நாளும் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்களில் குறைந்தது பத்துப் பேராவது ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "இப்பல்லாம் அமெரிக்கா என்ன சார் தூரம்? ஏறினா இறங்க வேண்டியதுதான். உலகமே சுருங்கிடுச்சு."

அந்த வசனத்தைத்தான் இந்த வாரம் வம்புக்கு இழுக்கப் போகிறேன்.

முதலில் கணக்கு. அப்பா போனபோது கலிஃபோர்னியாவில் திங்கட்கிழமை மாலை 5.10. அன்றைய துபாய் விமானம் கிளம்பிப் போயாகிவிட்டது. ராத்திரி கிளம்புகிற எதிலும் இடமில்லை. மறுநாள் மாலை 3.45-க்கு ஒரு சீட் கிடைத்தது. அதற்குள் இங்கே 22 மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. பிறகு துபாய்க்கு 16 மணி நேரம். அங்கே காத்திருப்பு நாலே முக்கால் மணி. சென்னைக்கு 4 மணி. குடியேற்றக் கவுன்ட்டர், பெட்டி வரும் பெல்ட், டாக்ஸி எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி. கூட்டிப் பாருங்கள். ஆகாயத்தில் இருந்தது 20 மணி நேரம். மீதி 29 மணி நேரம் அவன் பறக்கவே இல்லை. திரைகளையும் கவுன்ட்டர்களையும் பார்த்துக்கொண்டு தரையில்தான் இருந்தான்.

பறக்கும் நேரம் வேறு, பயண நேரம் வேறு. டிக்கெட் விற்கிறவர்கள் நமக்குச் சொல்வது முதலாவதை. நாம் வாழ்வதும் சாவதும் இரண்டாவதில்.

சரி, தூரம் எவ்வளவு? வீட்டில் ஆரஞ்சுப் பழம் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைக்கு ஒரு குண்டூசி, சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஒரு குண்டூசி. நடுவில் ஒரு நூலை இழுத்துக் கட்டுங்கள். உலக வரைபடத்தில் பார்த்தால் கிழக்கே பசிபிக் கடலைக் குறுக்காகக் கடந்து போகவேண்டும் என்று தோன்றும். நூல் அப்படிப் போகாது. வடக்கே ஏறும். நேபாளம், திபெத், மங்கோலியா, கிழக்கு சைபீரியா என்று ஏறி, ஆர்க்டிக் வட்டத்தைத் தொட்டுவிட்டு, அலாஸ்கா வழியாகக் கீழே இறங்கும். உருண்டையின் மேல் இதுதான் குறுக்கு வழி. சுமார் 13,900 கிலோமீட்டர். பூமியில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே இருக்கக்கூடிய அதிகபட்ச தூரமே 20,000 கிலோமீட்டர்தான். அதில் பத்தில் ஏழு பங்கு தூரத்தில் பிள்ளையை அனுப்பிவிட்டு, "பக்கத்துலதான்" என்று சொல்லிக்கொள்கிறோம்.

அந்த நூல் போகிற வழியில் சென்னையிலிருந்து எந்த விமானமும் போவதில்லை. திபெத்தின் மேலே விமானத்துக்குள் காற்றழுத்தம் போனால், மூச்சு விடக்கூடிய உயரத்துக்குச் சட்டென்று இறங்கவேண்டும். இறங்க இடம் கிடையாது, கீழே மலை. அதனால் நிறுத்தாமல் போகிறவையும் சுற்றித்தான் போகும். நிறுத்திப் போகிறவை கேட்கவே வேண்டாம். துபாய் வழி என்றால் கிட்டத்தட்ட 16,000 கிலோமீட்டர். நேர்வழியைவிட 2,000 கிலோமீட்டர் அதிகம். அந்தக் கூடுதல் மட்டுமே சென்னையிலிருந்து டெல்லி போகிற தூரத்துக்கு மேல்.

"சென்னையிலிருந்து நேர் விமானம் விட்டால் சரியாகிவிடுமே" என்பீர்கள். விடட்டும், நல்லதுதான். 2021 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியா நிறுத்தாமல் ஒரு விமானம் விட்டது. விமானிகள் எல்லோரும் பெண்கள். தலைமை, கேப்டன் ஜோயா அகர்வால். வட துருவத்தின் மேலே பறந்து வந்தார்கள். நாடே கை தட்டியது, நானும் தட்டினேன். அதற்கே சுமார் 17 மணி நேரம் ஆனது. இதற்கு மேல் சுருக்க முடியாது, இதுதான் அடிமட்டம்.

ஏன் முடியாது? விமானங்கள் வேகமாகவில்லை. இதை யாரும் சொல்வதில்லை. 1960-ல் ஏர் இந்தியா போயிங் 707 வாங்கி நியூயார்க்குக்கு ஜெட் விமானம் விட்டது. அது பறந்தது மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில். இன்றைய போயிங் 787 பறப்பதும் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டித்தான். அறுபது வருஷத்துக்கு மேலாக மனிதன் அதே வேகத்தில் போகிறான். நடுவில் சீட்டுக்குப் பின்னால் டி.வி. வந்தது. காசு உள்ளவர்களுக்குப் படுக்கை வந்தது. காசு இல்லாதவர்களுக்கு முழங்கால் இடிக்க ஆரம்பித்தது. ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு மூன்றரை மணி நேரத்தில் போன கான்கார்டு 1976-ல் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. 2003-ல் மூடிவிட்டார்கள். எரிபொருள் செலவு, சத்தம், டிக்கெட் விலை எதுவும் கட்டுப்படியாகவில்லை. இன்றைக்கு அதே லண்டன் - நியூயார்க் பயணத்துக்கு ஏழு, எட்டு மணி நேரம். சுருங்கிக்கொண்டே வருகிற உலகத்தில் இது எப்படி சாமி?

சுருங்காதது மட்டுமல்ல, சில வருஷங்களில் உலகம் விரிந்தும் போயிருக்கிறது. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்யா தன் வானத்தை ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு 9 மணி நேரத்தை ஒட்டி இருந்த பயணம் 13 மணி நேரத்தை ஒட்டி ஆகிவிட்டது. 2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் வானத்தை மூடியது, திறக்க ஜூலை ஆனது. 2025 ஏப்ரலில், பஹல்காம் படுகொலைக்குப் பிறகு, இந்திய விமானங்களுக்கு மறுபடி மூடியது. பதிலுக்கு இந்தியாவும் மூடியது. டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போன ஏர் இந்தியா விமானங்களில் சில, சுற்றிப் போய் வியன்னாவிலும் கோபன்ஹேகனிலும் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு போயின. பூமி ஒரு மில்லிமீட்டர்கூட நகரவில்லை. ஆனால் ஊர்கள் தள்ளிப்போய்விட்டன. தூரத்தை பூமி தீர்மானிக்கிறது. நேரத்தை அரசாங்கங்கள் தீர்மானிக்கின்றன.

அரசாங்கமும் வேண்டாம், ஒரு எஞ்சின் போதும். 2023 ஜூன் 6-ம் தேதி டெல்லியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ கிளம்பிய ஏர் இந்தியா விமானம் எஞ்சின் கோளாறால் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் மகதான் என்ற ஊரில் இறங்கியது. 216 பயணிகள். மாற்று விமானம் வந்து அவர்கள் அங்கிருந்து கிளம்பியது 8-ம் தேதி. அந்த விமானத்தில், அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்கப் போகிற யாராவது இருந்திருந்தால்?

இதெல்லாம் டிக்கெட் கையில் இருப்பவர்கள் கதை. பாஸ்போர்ட்டில் முத்திரை காலாவதி ஆனவர்கள் கதை இன்னும் மோசம். ஹெச்-1பி விசாவில் இருப்பவர்களில் பலர் அமெரிக்காவுக்குள் சட்டப்படி வேலை செய்துகொண்டிருப்பார்கள். ஆனால் ஒருமுறை வெளியே வந்துவிட்டால், புது முத்திரை இல்லாமல் திரும்ப நுழைய முடியாது. அந்த முத்திரைக்கு இங்கே தூதரகத்தில் தேதி கிடைக்கவேண்டும். அப்பா சாவுக்கு வந்தால் வேலை போகுமோ என்று யோசித்து, வராமலே வீடியோ காலில் கொள்ளி பார்த்த பிள்ளைகள் உண்டு. அவர்களை நான் திட்டமாட்டேன். அவர்கள் அந்த ராத்திரியை எப்படிக் கழித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. அப்பா அம்மா போய்ப் பார்க்கலாம் என்றால், 2022 கடைசியில் இந்தியாவின் சில தூதரகங்களில் சுற்றுலா விசா நேர்காணலுக்கே 500 நாட்களுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 17 மணி நேரப் பயணத்துக்கு 500 நாள் வரிசை.

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை நடந்ததை மறந்துவிடாதீர்கள். அமெரிக்க அதிபர் டிரம்ப் ஹெச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று கையெழுத்துப் போட்டார். சனிக்கிழமை நள்ளிரவு தாண்டியதும் அமல். நடுவில் ஒன்றரை நாள்கூட முழுசாக இல்லை. வெளிநாட்டில் இருக்கிற ஊழியர்கள் அதற்குள் திரும்பிவிடுங்கள் என்று பெரிய பெரிய கம்பெனிகள் மெயில் அனுப்பின. லீவில் வந்தவர்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினார்கள். மறுநாளே "இது புது விண்ணப்பங்களுக்குத்தான், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு இல்லை" என்று விளக்கம் வந்தது. விளக்கம் வந்தபோது பாதிப் பேர் ஆகாயத்தில். வாஷிங்டனில் உட்கார்ந்து அந்தக் கெடுவை வைத்தவர்களுக்கு சென்னை எவ்வளவு தூரம் என்று தெரியாதா? தெரியும். அவர்களுக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஆக, தப்பு எல்லாம் அமெரிக்காக்காரன் மேலும் விமானக் கம்பெனி மேலும்தான் என்று முடித்துவிட்டால் எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கும். முடிக்கமாட்டேன். அந்த 49 மணி நேரத்தில் எங்கள் தெருவில் என்ன நடந்தது என்று சொல்லவேண்டும்.

ஹெச்.எம். சார் கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். அட்டை பீரோவில் இருந்தது. மகள்தான் எடுத்து வந்தார். இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்கவேண்டும். அதாவது காலை 11.40-க்குள். அவருடைய சித்தப்பா தடுத்தார். "அண்ணன் பையனைக் கேக்காம எப்படிம்மா?" மகள் உடனே தம்பிக்கு போன் போட்டார். அவன் அழுதுகொண்டே, "குடுத்துடுங்க சித்தப்பா. அப்பா எங்கிட்டயும் சொல்லியிருக்கார்" என்றான். சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா? "இதெல்லாம் போன்ல முடிவு பண்ற விஷயமாப்பா? நீ நேர்ல வா, பேசிக்கலாம்."

நேரில் வர 49 மணி நேரம். கண்ணுக்கு 6 மணி நேரம். இரண்டு பேருக்குப் பார்வை கொடுத்திருக்க வேண்டிய கண்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் மூடிக் கிடந்தன. பெற்ற மகள் பக்கத்திலேயே நிற்கிறாள். அவள் சம்மதித்தால் போதும். மகன்தான் கையெழுத்துப் போடவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நம் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் சொன்னார்கள்.

அடுத்தது கொள்ளி. ஆறு வருஷமாக அப்பாவை டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு தடவை கூட்டிப் போனது மகள். மாத்திரை பிரித்துக் கொடுத்தது மகள். கடைசி மூச்சு போனபோது போனை எடுத்ததும் அவர்தான். கொள்ளி வைக்க மட்டும் 13,900 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து ஆள் வரவேண்டும். தமிழ்நாட்டில் 1989-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. 2005-ல் இந்தியா முழுக்க வந்தது. வீட்டில் பங்கு உண்டு, நிலத்தில் பங்கு உண்டு, கொள்ளிச் சட்டியில் மட்டும் பங்கு இல்லையா?

"சம்பிரதாயம் சார்" என்கிறார்கள். சரி, சம்பிரதாயமே பேசுவோம். நம் ஊர்ச் சம்பிரதாயம், பிணத்தைக் காக்க வைக்காதே என்பது. சாவு விழுந்த தெருவில் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. அதனால் சீக்கிரம் எடுப்பார்கள். பிள்ளை வெளியூரில் இருந்தால், இருக்கிறவர்கள் காரியத்தைச் செய்துவிட்டு, அவன் வந்ததும் கட்டிக்கொண்டு அழுவார்கள். கூட இருக்கிறவன் செய்வான் என்பதுதான் பழைய வழக்கத்தின் அடி. இரண்டு நாள் ஐஸில் வைத்து விமானத்துக்குக் காத்திருப்பது எந்த சாஸ்திரத்தில் இருக்கிறது? ஃப்ரீசர் பாக்ஸுக்கு எந்தச் சுலோகம் இருக்கிறது? காத்திருக்கும் வழக்கத்தை நாம் புதுசாகக் கண்டுபிடிக்கலாமாம், மகள் கொள்ளி வைக்கும் வழக்கத்தை மட்டும் கண்டுபிடிக்கக் கூடாதாம். பழைய வழக்கத்தை உடைக்க நாம் தயாராகத்தான் இருக்கிறோம். பெண்ணுக்காக உடைக்கத்தான் தயாராக இல்லை.

மகன் அப்பாவின் முகம் பார்க்க ஆசைப்பட்டால் காத்திருக்கக் கூடாதா? தாராளமாகக் காத்திருங்கள். துக்கத்துக்கு யாரும் கெடு வைக்க முடியாது. ஆனால் அவன் முகம் பார்க்கக் காத்திருப்பது வேறு, அவன் வந்தால்தான் சடங்கு என்று காத்திருப்பது வேறு. முதலாவது பாசம். இரண்டாவது, பக்கத்தில் நிற்கிற பெண்ணின் கன்னத்தில் விடும் அறை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த ராத்திரி, அந்தப் பையன் எங்கள் மொட்டை மாடிக்கு வந்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான். "சார், அக்காவே வைக்கட்டும்னு சான் ஃபிரான்சிஸ்கோ ஏர்போர்ட்லேருந்தே போன் பண்ணிச் சொன்னேன். துபாய்லேருந்தும் சொன்னேன். யாரும் கேக்கல. நான் வந்து வெச்சேன். ஆனா ஆறு வருஷமா அப்பாவைப் பாத்துக்கிட்டது அவ. அவ வீட்டுக்குள்ள உக்காந்திருந்தா." ஒரு விமானம் தாழ்வாக இறங்கியது. அது போகும்வரை இருவரும் பேசவில்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் பெற்றோர்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் இல்லை.

"ஒரு நாள்ல வந்துடுவேன்பா" என்று யாரும் சொல்லாதீர்கள். இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள், சில சமயம் வரவே முடியாது. இந்த உண்மையை உயிரோடு இருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள். யார் கொள்ளி வைப்பது, யாருக்காகக் காத்திருப்பது, எவ்வளவு நேரம் என்பதை அப்பாவும் அம்மாவும் தங்கள் கையால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். சித்தப்பாக்களிடம் காட்ட அது உதவும். கண் தானத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால், அந்த அட்டையைப் பீரோவில் பூட்டாதீர்கள். யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் கையில் கொடுங்கள். உயிர் போனதும் இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, ஃபேனை நிறுத்தி, தலையைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துவிட்டு, உடனே கண் வங்கிக்கு போன் செய்யச் சொல்லுங்கள். அமெரிக்காவுக்கு அப்புறம் போன் செய்யலாம்.

அமெரிக்காவில் இருக்கிற தம்பிகளே, கடைசியாக ஒரு தடவை பார்க்க ஒன்றரை லட்சம் ரூபாய் கொடுத்து ஓடி வருகிறீர்களே, அந்த டிக்கெட்டை அப்பா பேசுகிற நிலையில் இருக்கும்போதே எடுங்கள். அப்போதும் 13,900 கிலோமீட்டர்தான். ஆனால் வாசலில் அவரே வந்து கதவு திறப்பார்.